புந்தா அரேனஸில் கயிறு கட்டுகிறார்கள்

அக்டோபர் பிறந்தால் நகராட்சி ஆட்கள்
கம்பத்துக்குக் கம்பம் கயிறு கட்டுகிறார்கள்,
சதுக்கத்து மூலையில், வங்கி வாசலில்.
காற்று நூற்றிருபதைத் தொடும்போது
ரொட்டி வாங்கப் போனவர்கள்
கடலுக்குள் போய்விடாமலிருக்க.
யாரும் வெட்கப்படுவதில்லை.
டை கட்டிய நோட்டரிகூட
தோல்பையைக் கக்கத்தில் இடுக்கி
கயிற்றைப் பிடித்தபடிதான் தெருவைக் கடக்கிறார்.

எனக்குள் அடித்த காற்றுக்கு
முப்பத்தெட்டு வயதுவரை யாரும் பெயர் சொல்லவில்லை.

டிசம்பரில் இங்கே இருட்ட இரவு பதினொன்றாகும்.
நான்கரைக்கெல்லாம் மறுபடி வெளிச்சம்.
அந்தத் துண்டு இரவையும் வேண்டாமென்று விட்ட வருஷம்
எங்கள் தகரக் கூரைக்கு மஞ்சள் அடித்தேன்;
பக்கத்து வீட்டுக் கூரைக்கும், கேட்காமல்.
பதினோரு சைக்கிள் வாங்கினேன், தவணையில்.
படகுப் பட்டறையில் முகமூடி போடாமல் வெல்டிங் செய்தேன்,
நெருப்புக்கு என்னைத் தெரியும் என்று.
எல்லாம் புரிந்தது.
அதுதான் பயங்கரம், எல்லாமே புரிந்தது.
தங்கை ஹோவித்தா "கொஞ்சம் தூங்கேன்" என்றாள்.
பொறாமைக்காரி என்றேன்.
(இந்த வரியில் கை நின்றுவிடுகிறது.
இது மருந்தின் நடுக்கம் இல்லை.)

பிறகு ஜூன்.
பத்து மணிக்கு விடிந்து ஐந்தரைக்கு இருட்டும் ஜூன்.
கொட்டகையில் சைக்கிள்கள்
ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து கிடந்தன.
தலை வாரி இருபது நாளாகியிருந்தது.
கயிறு என்ற சொல்லுக்கு
அப்போது ஒரே பொருள்தான் எனக்குத் தெரிந்தது.
ஹோவித்தா கேட்டாள்,
சுற்றி வளைக்காமல், கண்ணைப் பார்த்து.
ஆமாம் என்றேன்.
அவள் அழவில்லை. என் காலணியைத் தேடி எடுத்து
மாட்டிவிட்டு, நாடாவை இறுக்கினாள்,
இரண்டு முடிச்சு.

"இது ஒருவகை உப்பு" என்றார் டாக்டர் பாராவிச்,
"வடக்கே பாலைவனத்தில் எடுக்கிறார்களே, அந்த ஜாதி."
நாக்கில் நாணயச் சுவை. தீராத தாகம்.
தேநீர்க் கோப்பை தட்டின்மேல் தாளம் போடும்.
மூன்று மாதத்துக்கொரு முறை ரத்தம் கொடுத்து
பூச்சியம் புள்ளி ஏழு என்ற எண்ணுக்காகக்
காத்திருக்கிறேன், பரீட்சை எழுதிய பிள்ளைபோல.
தின்ற உப்புக்கு இரண்டு முறை துரோகம் செய்தேன்,
குணமாகிவிட்டது என்று தோன்றிய இரண்டு வசந்தங்களில்.
இரண்டாம் முறை போலீஸ் வண்டியில் திரும்பிவந்தேன்.

செவ்வாய்க்கிழமை தீயணைப்பு நிலையத்து மாடியில் கூடுகிறோம்.
ஆறு பேர். பனி கொட்டினால் மூன்று.
டாக்ஸி ஓட்டும் ஒவிதியோ வணக்கம் சொல்லமாட்டார்;
"எத்தனை மணி நேரம் தூங்கினாய்?" என்பார்.
போன வாரம் புதிதாக ஒரு பையன் வந்தான்.
கோட்டைக்கூடக் கழற்றாமல் கேட்டான்:
"அந்த உயரத்தில் இருந்த என்னை
நான் இழந்துவிடுவேனா?"
ஒருவரும் வாய் திறக்கவில்லை.
கீழே வண்டியைக் கழுவும் சத்தம்.
"இழப்பாய்" என்றாள் ஸ்லாத்கா டீச்சர்,
பிஸ்கட் தட்டை அவன் பக்கம் தள்ளி.
"எனக்கு இன்னமும் வலிக்கிறது. எடுத்துக்கொள்."

எங்கள் ஃப்ரிட்ஜ் கதவில் ஒரு தாள்,
என் கையெழுத்தில்:
நான்கு மணி நேரத்துக்குக் குறைவாக
இரண்டு இரவு தூங்கினால்
வங்கி அட்டையை ஹோவித்தா வாங்கிக்கொள்ளலாம்.
நான் திட்டுவேன். நன்றாகவே திட்டுவேன்.
கொடுத்துவிடாதே.

டிசம்பரில் ஒன்பது மணிக்கே கறுப்புத் திரையை இழுக்கிறேன்.
வெளியே வெயில், பந்து, பிள்ளைகள்.
உள்ளே நான் தைத்த இரவு,
ஓரத்தில் ஒரு தையல் விட்டுப்போனது.

இன்று காற்று.
மருந்துக்கடைக்குப் போகும் வழியில் நானும் பிடித்துக்கொண்டேன்.
கயிறு நடுங்கியது, கை நடுங்கியது;
எதிலிருந்து எதற்குப் பரவியது
என்று பார்த்துக்கொண்டு நிற்க முடியாது,
பின்னால் ஆள் வருகிறார்கள்.

டோக்கன் அறுபத்து மூன்று.
பலகையில் நாற்பத்தொன்று ஓடுகிறது.
காத்திருக்கலாம்.